முந்நூற்றெட்டுக்குப் பின்னால் ஓர் எழுத்து

போன மாதம் எங்கள் பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் ஒரு ஐ.சி.யின், அதாவது மின்னணுச் சில்லின், படத்தைப் போட்டு, இது என்ன, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தான். நாலைந்து பேர் உடனே பதில் சொன்னார்கள். எல்லாரும் சொன்னது நடுவில் இருக்கும் எண்ணை மட்டும். நான், "அதற்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கிறது, படத்தில் வெளிச்சம் பட்டு மறைந்திருக்கிறது, அது என்ன?" என்று கேட்டேன். ஒருவர் சிரிக்கிற மூஞ்சியைப் போட்டார். இன்னொருவர், "சாருக்கு வாலைப் பார்க்காமல் தூக்கம் வராது" என்று எழுதினார். அந்தப் பையன் மட்டும் தனியாக வந்து, வால் எழுத்து நிஜமாகவே அவ்வளவு முக்கியமா சார் என்று கேட்டான். ஆமாம் என்று ஒரு சொல்லில் எழுதினேன். அது பதில் மாதிரி இல்லை. அழித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. நிலக்கடலையும் சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். பத்து முடித்து, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, பாலக்காட்டில் ஒரு சர்வீஸ் பட்டறையில் சேர்ந்தேன். தலைமை அலுவலகம் கோயம்புத்தூரில். ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேகம் காட்டும் கருவி, எண்ணும் கருவி, சூடு கட்டுப்படுத்தும் கருவி எல்லாம் செய்து விற்கிற கம்பெனி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நடுவில், ஐ.சி. என்பது அப்போதுதான் பெட்டிகளுக்குள் குடியேறிக்கொண்டிருந்தது. ஒருமுறை கெட்டுப்போன ஒன்றை அப்பாவிடம் காட்டலாமென்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் உள்ளங்கையில் வைத்து, கால்களை எண்ணிப் பார்த்து, "ஏன்டா பழனி, இத்தனூண்டு பூச்சிக்கு இத்தாம்பெரிய நெம்பரு எதுக்குடா? பேரு வெக்கறதுக்கு அங்க ஆளில்லையா?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நானும் அப்போது பட்டறையில் விழித்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குப் பொறுப்பு சாரதா மேடம். கல்பாத்திக்காரர். முப்பதைத் தாண்டியிருப்பார். அந்தக் காலத்தில் பொறியியல் படித்து, இரும்புச் சாமான்களும் ஈயப் புகையும் உள்ள இடத்தில் ஆண்களுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்த பெண். கருவிகளின் சர்க்யூட்டை வடிவமைத்ததும் அவர்தான். சத்தம் போட மாட்டார். கேள்வி கேட்பார். அதற்குச் சத்தமே தேவலை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஐ.சி.யையும் பலகையில் வைக்கும் முன் அதன்மேல் அச்சிட்டிருப்பதை முழுக்க வாய்விட்டுப் படிக்க வேண்டும். கம்பெனி முத்திரை, முன்னெழுத்து, எண், பின்னெழுத்து, அடுத்த வரி, எல்லாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பாதியில் நிறுத்தினால் கண்ணைத் திறக்காமலே, "அப்புறம்?" என்பார். அச்சு மங்கிப்போயிருந்தால் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, ஒரு சிட்டிகை தேய்த்து, துணியால் மெதுவாகத் துடைப்பார். மை இருந்த இடத்தில் சாம்பல் ஒட்டிக்கொண்டு எழுத்து மேலெழும்பி வரும். ஐ.சி.க்கும் விபூதி பூசுகிற ஆபீசர் என்று வெளியே கிண்டல். அது வேலை செய்தது என்பதால் நாங்களும் சுண்ணாம்புக்கட்டித் தூளை வைத்துக்கொண்டோம்.

எண்களைப் பற்றி அவர் ஒரே ஒருமுறைதான் விளக்கமாகப் பேசினார். நான் அப்பாவின் கேள்வியைச் சொன்னபோது.

"பேரும் வச்சுத்தான் இருக்கா. நம்ம பேர் மாதிரிதான் இதுவும். முன்னால இருக்கற எழுத்து எந்த ஆத்துப் பிள்ளைன்னு சொல்லும். நடுவில இருக்கறது என்ன வேலை பாக்கறவன்னு சொல்லும். பின்னால இருக்கறது என்ன சட்டை போட்டுண்டிருக்கான், எது வரைக்கும் பாஸ் பண்ணியிருக்கான்னு சொல்லும். கஷ்டம் என்னன்னு கேட்டியோ? ஒவ்வொரு ஆத்திலேயும் வேற வேற பாஷையாக்கும்."

அந்தக் கஷ்டத்தை நான் வருஷக்கணக்கில் ருசித்தேன். ஒரு கம்பெனி பிளாஸ்டிக் உடம்புக்கு ஓர் எழுத்தைப் போடும், இன்னொரு கம்பெனி அதே உடம்புக்கு வேறு எழுத்தைப் போடும். ஒரு வரிசையில் முதல் எண் ஒன்றாக இருந்தால் பனியிலும் பாலைவனத்திலும் தாங்கும் ராணுவத் தரம், மூன்றாக இருந்தால் அறைக்குள் வைக்கிற தரம். கணக்குப் போடுகிற ஐ.சி.களின் வரிசையில் 54 என்று தொடங்கினால் ராணுவம், 74 என்றால் நமக்கு. சிறிய எண்ணுக்குத்தான் மவுசு. சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தால், ஒரு வரிசையில் 'ஏ' என்ற வால் நல்ல தரத்துக்கு அடையாளம். வேறொரு வரிசையில் 'ஏ' பழையது, 'பி' தான் கூடுதல் வோல்டேஜ் தாங்குவது. எழுத்துக்கு நிரந்தரமான பொருள் கிடையாது, யார் எழுதினார் என்பதை வைத்துத்தான் பொருள் என்பது எனக்கு எலெக்ட்ரானிக்ஸில் கிடைத்த முதல் வியப்பு.

இன்னொரு வேடிக்கை. ஒரு மில்லின் எண்ணும் கருவிக்கு 7413 என்ற ஐ.சி. வேண்டியிருந்தது. சென்னையில் ஒரு கடையிலிருந்து பொட்டலம் வந்தது. மேலே 7413 என்று எழுதியிருந்தது, ஒவ்வொன்றின் முதுகிலும் 7413 தெளிவாக இருந்தது. வைத்தால் கருவி தாறுமாறாக எண்ணுகிறது. ஒன்றை மாற்றி இன்னொன்று வைத்தாலும் அதே கதை. மேடம் வந்து, படி என்றார். மேல் வரியில் கம்பெனி எழுத்துகள், 7400, பிளாஸ்டிக்குக்கான எழுத்து. கீழ் வரியில் 7413. நான் படித்துக்கொண்டே வந்து நின்றுவிட்டேன். மேல் வரி கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தேடுவதைக் கண்டுவிட்டால் கண் அதோடு திருப்தியாகிவிடுகிறது. கீழே இருந்தது அது தயாரான வருஷமும் வாரமும். எழுபத்துநாலாம் வருஷம், பதின்மூன்றாம் வாரம்.

"பொறந்த நாளைப் பேருன்னு நினைச்சுட்டான் கடைக்காரன்," என்றார் மேடம். "அந்த வாரம் பொறந்தவா அத்தனை பேருக்கும் ஒரே பேரா?"

அன்று பட்டறை முழுக்கச் சிரித்தோம். எண் குழப்பம் என்றால் அதிகபட்சம் ஒரு பொட்டலத்தைத் திருப்பி அனுப்புவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பது சாந்தன்பாறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

அந்தத் தொழிற்சாலையில் எங்கள் சூடு கட்டுப்படுத்தும் பெட்டி ஒன்று ட்ரையரில் மாட்டப்பட்டிருந்தது. ட்ரையர் என்பது இலையை உலர்த்துகிற பெரிய யந்திரம். விறகு அடுப்பில் சூடான காற்றை விசிறி உள்ளே தள்ளும், இலை தட்டுத் தட்டாக நகர்ந்து உலரும். காற்று இருநூறு டிகிரி பாரன்ஹீட் அளவில் நிற்க வேண்டும். கூடினால் எங்கள் பெட்டி ஒரு கதவைத் திறந்து குளிர்ந்த காற்றைக் கலக்கும், குறைந்தால் கதவை மூடும். முன்பு பாதரச வெப்பமானி இருந்த ஓட்டையில்தான் எங்கள் பெட்டியின் உணர்கம்பி செருகப்பட்டிருந்தது. அதனால் பழைய வெப்பமானி அங்கே இல்லை. பெட்டியின் முள் சொல்வதுதான் சூடு.

ஐப்பசி, அதாவது துலா மாதத்து இடியில் பெட்டி ஒருமுறை செத்துப்போனது. எங்களுக்குச் சொல்லி அனுப்பாமல் அவர்களே உள்ளே கெட்ட ஐ.சி.யை மாற்றி ஓட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். அதற்குப் பிறகு சில வாரங்களில் மூன்று முறை தேயிலை கருகியது. ட்ரையரை ஓட்டிய செல்லையா என்பவருக்கு மெமோ கொடுத்து, விசாரணை வைத்திருந்தார் மேனேஜர். கருகியது எல்லாம் மத்தியானத்துக்கு மேல். சாப்பிட்டு வந்து தூங்கிவிட்டான், தட்டு சிக்கி நின்றதைப் பார்க்கவில்லை என்பது குற்றம். விசாரணையில் நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதுதான் எஸ்டேட் சட்டம். கருவி சரியாக இருக்கிறது என்று கம்பெனியின் ஆள் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விசாரணை சுலபமாக முடியும் என்று தந்தி வந்தது. கோயம்புத்தூர் ஆபீஸும், போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டது. அந்தப் பெட்டி தன் வடிவமைப்பு என்பதால் மேடமும் கிளம்பினார்.

தேனி, போடி வழியாக மலையேறி, பூப்பாறையில் இறங்கி, எஸ்டேட் ஜீப்பில் போனோம். மேனேஜர் மரியாதையான மனிதர். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்களின் அமைதி அது.

மறுநாள் காலையில் அடுப்பு மூட்டும் முன்பே நான் பெட்டியைச் சோதித்தேன். உணர்கம்பியைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டு, பக்கத்தில் நாங்கள் கொண்டுபோன பாதரச வெப்பமானியையும் விட்டேன். அந்த உயரத்தில் தண்ணீர் சமவெளியைவிடச் சீக்கிரம் கொதித்துவிடும். அதனால் எண்ணை மனப்பாடமாகச் சொல்லக்கூடாது, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாகவே காட்டின. மேனேஜர் தலையை ஆட்டினார். அவரிடம் டைப் அடித்த சான்றிதழ் தயாராக இருந்தது. செல்லையா சற்றுத் தள்ளி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலைக்கு வந்த குடும்பம்.

மேடம் என்னிடம், "ட்ரையர் ஓடறச்சே பாத்தியோ?" என்றார்.

"இல்லைங்க மேடம். இப்பத்தானுங்க அடுப்பே மூட்டறாங்க."

"அப்போ நீ பாத்தது வேற பெட்டி," என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் மத்தியானம் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

நான் செல்லையாவிடம் போய்ப் பேசினேன். நான் எஸ்டேட் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காலையில நல்லாத்தான் ஓடுது சார். மத்தியானம் ஆச்சுன்னா காத்து மாறுது. டிரையரு சன்னலுகிட்டக் கையக் கொண்டு போனா முடி பொசுங்குத மாதிரி இருக்கு. முள்ளப் பாத்தா இருநூறுலதான் நிக்கி. நா தொரைட்ட என்னத்தச் சொல்ல? முள்ளு ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுதுன்னா சொல்லமுடியும்?"

மத்தியானம் ஆனது. அடுப்பு பல மணி நேரம் எரிந்ததில் பெட்டி மாட்டியிருந்த சுவரே தொட முடியாதபடி காய்ந்திருந்தது. காற்றுக் குழாயில் உணர்கம்பிக்குப் பக்கத்தில் வேறோர் ஓட்டை போடச் சொல்லி, அதில் பாதரச வெப்பமானியைச் செருகினேன். முள் இருநூறில் நின்றது. பாதரசம் ஏறிக்கொண்டே போய் இருநூற்று முப்பதைத் தாண்டியது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். காலையில் ஒன்றாக இருந்தவை. பெட்டி சூடானதும் பொய் சொல்லத் தொடங்குகிறது. காற்று ஆறிவிட்டது என்று நினைத்துக் குளிர்க் கதவை மூடிக்கொள்கிறது. பயமாக இருந்ததைவிட, ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் எனக்கு அதிகமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்.

பெட்டியைக் கழற்றி ஆற வைத்துத் திறந்தோம். உணர்கம்பியிலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறியது. அதைப் பெருக்குகிற ஐ.சி. சட்டைப் பொத்தான் அளவில் தகரக் குப்பி மாதிரி, எட்டுக் கால்களோடு இருக்கும். அதைத்தான் மாற்றியிருந்தார்கள். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். நான் படித்தேன். முன்னெழுத்துகள், 308, குப்பி உடம்புக்கான எழுத்து.

"308-க்கும் அதுக்கும் நடுவில?"

"ஒண்ணுமில்லைங்க மேடம்."

திருநீறு தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை. எங்கள் பட்டறையில் வைப்பது 308-க்குப் பின்னால் 'ஏ' உள்ளது. இரண்டும் ஒரே ஐ.சி.தான். செய்து முடித்த பிறகு கம்பெனி ஒவ்வொன்றையும் சோதிக்கிறது. சூடு மாறினாலும் நிலை மாறாமல் நிற்கிறவற்றுக்கு அந்த எழுத்தைப் போடுகிறது, மற்றவற்றை எழுத்தில்லாமல் விடுகிறது. அதாவது அது தேர்ச்சி எழுத்து. தேறாதவை கெட்டவை அல்ல. ரேடியோவில் வைத்தால் ஆயுசுக்கும் உழைக்கும். அனல் அடிக்கிற சுவரில் மாட்டினால் மட்டும் நகரும். சில மேலே நகரும், சில கீழே. இது கீழே நகர்ந்திருக்கிறது.

மாற்றியது யார் என்று கேட்டதில் ஸ்டோர் கீப்பர் வர்கீஸ் சேட்டன் வந்தார். ஆனைக்கரைக்காரர். பழைய ஐ.சி. இருக்கிறதா என்று கேட்டேன். பழையதைக் கொடுக்காமல் புதியது வழங்கக்கூடாது என்பது அவருடைய ஸ்டோர் சட்டம். ஒரு தீப்பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். 308-க்குப் பின்னால் 'ஏ' பளிச்சென்று இருந்தது. இரண்டையும் அவர் கையில் வைத்துக் காட்டினேன். அவர் சொன்னதை நான் இன்றுவரை முட்டாள்தனம் என்று நினைக்கவில்லை.

"சாரே, இந்த ஸ்டோர்ல பேரிங் 6205 வேணும்னா, ஏது கம்பெனி ஆனாலும் 6205 தன்னே. உள்ளளவு ஒண்ணு, வெளியளவு ஒண்ணு, கனம் ஒண்ணு. முன்னால பின்னால என்ன எழுத்து இருந்தாலும் கேறி உக்காரும். இதுலயும் நம்பர் ஒண்ணு, காலும் எட்டு. நான் பின்னே எந்தா நினைக்கணும்?"

பேரிங் உலகத்தில் எண் பொய் சொல்லாது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்ட உலகம் அது. வாழ்நாள் முழுக்க அதில் இருந்தவர் எங்கள் உலகத்துக்குள் அதே நம்பிக்கையோடு கையை விட்டுவிட்டார்.

"பாருங்க மேடம், எழுத்து இல்லைங்க, அதுதானுங்க காரணம்," என்றேன் உற்சாகமாக.

"எழுத்து சாட்சி சொல்லாது பழனிசாமி. மேனேஜர் நாளைக்கு, கம்பி கெட்டுப்போச்சு, அளந்தவன் தப்பா அளந்தான்னு சொல்லுவார். எழுத்தை அவர் கண்ணுக்குத் தெரியறாப்பல பண்ணு."

அதற்கு நான் செய்தது இது. விசாரணை நடந்த மேனேஜர் அறைக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். செல்லையாவும் வர்கீஸ் சேட்டனும் சுவரோரமாக நின்றார்கள். உணர்கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, அது சேரும் இரண்டு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்தேன். இப்போது இந்தப் பெட்டிக்கு ட்ரையரும் கிடையாது, உணர்கம்பியும் கிடையாது, இந்த அறையின் சூட்டைத்தான் காட்ட வேண்டும் என்றேன். முள் அறைச் சூட்டில் நின்றது. மேஜை விளக்கை இழுத்து, பல்பைப் பெட்டிக்குள் அந்தக் குப்பியின் மேல் அணைத்து வைத்தேன். "பல்போட சூட்டுக்கு முள்ளு கொஞ்சம் ஏறுனா ஏறலாமுங்க. எறங்கக் கூடாதுங்க."

முதலில் முள் அசையவில்லை. நானும் கொஞ்சம் கலங்கினேன். பிறகு ஒரு நூல் அளவு இறங்கியது. பிறகு இன்னும் ஒரு நூல். பார்த்துக்கொண்டே இருக்கையில் சரசரவென்று இறங்கி, இடது ஓரத்து முட்டுக்கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. எரிகிற பல்புக்கு அடியில் இருந்துகொண்டு, நான் பனியில் இருக்கிறேன் என்று சொன்னது பெட்டி. விளக்கை விலக்கினேன். ஆற ஆற, முள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. மேனேஜர் எழுந்து வந்து, தானே ஒருமுறை விளக்கை வைத்துப் பார்த்தார். மீண்டும் இறங்கியது.

அவர் நியாயஸ்தர். செல்லையா மீது மெமோ இல்லை என்று அப்போதே சொன்னார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் வர்கீஸ் சேட்டன் பக்கம் திரும்பினார். அப்படியானால் இத்தனை தேயிலை போனதற்கு ஸ்டோர்தான் பொறுப்பு, இல்லையா என்று கேட்டார். வர்கீஸ் சேட்டன் தரையைப் பார்த்தார். ஓர் ஆளை இறக்கிவிட்டு அதே தராசில் இன்னோர் ஆளை ஏற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் எழுத்தைப் பார்க்காமல் வாங்கியவர் அவர்தானே.

மேடம் பெட்டியின் மூடியை எடுத்து, உள்பக்கம் தெரியும்படி மேனேஜரின் மேஜைமேல் வைத்தார். அதில் சர்க்யூட் படம் ஒட்டியிருந்தது. அவர் கையால் வரைந்து, கீழே அவர் கையெழுத்தும் உள்ள படம். நான் நூறு தடவை பார்த்த படம். அவர் விரல் வைத்த இடத்தில் 308 என்று இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"இதுல இருக்கறதைத்தான் அவர் வாங்கிருக்கார்," என்றார். "எங்க பட்டறையில எல்லாருக்கும் தெரியும், அதனால நான் அந்த எழுத்தைப் போடலை. எங்களுக்குத் தெரிஞ்சது இங்க இருக்கறவாளுக்கு எப்படித் தெரியும்? பிழை என்னோடதாக்கும். அப்படியே எழுதிக்கோங்கோ. நான் கையெழுத்துப் போடறேன்."

போட்டும் கொடுத்தார். கோயம்புத்தூரில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். கம்பெனியின் குறை என்று கம்பெனி ஆளே எழுதித் தரலாமா என்று பெரிய பேச்சு. அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய உயர்வு வேறொருவருக்குப் போனது. அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வகைப் பெட்டி மாட்டிய இடங்களுக்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, கறுப்பு மையால் தன் படத்தில் அந்த எழுத்தைத் தானே போட்டுவிட்டு வந்தார். வாய்விட்டுப் படிக்கச் சொன்னவர், எழுதும்போது விட்டிருந்தார். எவ்வளவு தெரிந்தவர்களாக இருக்கிறோமோ, அவ்வளவு எழுதாமல் விடுகிறோம் என்பது அந்தப் பயணங்களில் எனக்குள் ஏறியது.

அன்று மேனேஜர் அறையிலிருந்து செல்லையா எப்போது வெளியேறினார் என்று நான் கவனிக்கவில்லை. தேடிக்கொண்டு போனேன். ட்ரையர் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்துப் போனவனுக்கு அவர் முகம் புரியவில்லை.

"அண்ணே, உங்க மேல தப்பில்லைங்க. எல்லாம் முடிஞ்சுதுங்க."

"கேட்டேன் சார்." கொஞ்ச நேரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கேன். அப்ப நா தூங்கலையா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

"மொத தடவ கருகினப்ப தொரைட்டச் சண்ட போட்டேன். ரெண்டாந் தடவ ஊட்டுக்காரி கேட்டா, ஒரு கண்ணசந்திட்டீராக்கும்னு. அவகிட்டயும் சண்ட. மூணாந் தடவ கருகவும் நானே நம்பிட்டேன் சார். கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குத வியாதி ஏதோ வந்துட்டுன்னு நெனச்சேன். அவகிட்ட, ஆமா தூங்கித்தான் போயிருக்கேன்னு ஒத்துக்கிட்டேன்."

"நீங்க தூங்கலைங்க, அண்ணே."

"அத அவகிட்ட வந்து சொல்லுதீயளா? நா சொன்னா வேலைக்காகாது."

லயத்துக்குப் போனோம். அவர் மனைவி வாசலில் பானை விளக்கிக்கொண்டிருந்தார். கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்று, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பெட்டி, பல்பு, எழுத்து எல்லாவற்றையும் என்னால் முடிந்த அளவு சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நான் முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, செல்லையாவைப் பார்த்தார்.

"தூங்கலைன்னா பெறவு ஏன் தூங்கினேன்னு எங்கிட்ட ஒத்துக்கிட்டீரு?"

"முள்ளு சொல்லுது, தொரை சொல்லுதாரு, நீயும் கேக்க. நா ஒருத்தன் மட்டும் இல்லன்னு எத்தன நாளைக்குச் சொல்ல?"

அந்த அம்மாள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீரு தூங்கியிருந்தா கொறட்டச் சத்தம் டிரையர் சத்தத்தையும் மீறி லயம் வரைக்கும் கேட்டிருக்கும்லா. எனக்காவது அது தோணியிருக்கணும்."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். செல்லையா கடைசியில் சிரித்தார். நான் அங்கே போன நாளிலிருந்து அவர் பல்லை அப்போதுதான் பார்த்தேன்.